மூச்சுப்பொறி வந்தது, மூச்சறிவு வந்ததா?

பொருளை வாங்குவோர்க்கு ஒரு மயக்கம் உண்டு. வாங்கிய பொருளோடு அதனை ஆளும் அறிவும் உடன்வந்து விட்டது என்னும் மயக்கமே அது. ஏர் வாங்கியவன் எல்லாம் உழவன் ஆகிவிட்டான் என்றோ, யாழ் வாங்கியவன் எல்லாம் பாணன் ஆகிவிட்டான் என்றோ எவரும் கருதுவதில்லை. ஆனால், மருத்துவமனைக்கு மூச்சுப்பொறி வாங்கிக் கொடுத்த அரசோ, அன்றே நோயர் உயிரைக் காத்துவிட்டதாகப் பறையறைந்து கொள்கிறது!

வெண்டிலேட்டர் என்று ஆங்கிலத்தில் சொல்லப்பெறும் மூச்சுப்பொறியின் பெயர், கொரோனாத் தொற்று நாட்டை உலுக்கிய நாளில்தான் தெருவுக்குத் தெரிய வந்தது. 2020ஆம் ஆண்டு மேத் திங்களில், 50,000 மூச்சுப்பொறிகளுக்கென 2,000 கோடி உருபா 'பி.எம். கேர்சு' வைப்பினின்று ஒதுக்கப்பெற்றது. ஓராண்டு கழிந்தது. சில மாநிலங்களில் அப்பொறிகள் பயன்படாமல் கிடங்கில் கிடக்கின்றன என்னும் செய்தி எழுந்தது. 2021 மே 15ஆம் நாள், அவை பொருத்தப்பெற்றனவா, இயங்குகின்றனவா என்று உடனே தணிக்கை செய்யுமாறு தலைமையமைச்சர் ஆணையிட்டார். பணியாளர்க்கு, தேவையெனில், பொறியை இயக்கும் பயிற்சியை மீண்டும் அளிக்கலாம் என்றும் அவ்வாணையில் கூறப்பெற்றது.

தேவையெனில்! அந்த ஒரு சொல்லில் இந்நாட்டு ஆட்சியின் நோய் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. பொறி தேவை, அதில் ஐயமில்லை. பயிற்சி மட்டும் 'தேவையெனில்'! வில் கட்டாயம், அம்பு விருப்பம் என்று போருக்குப் படை விடுத்தவன் உண்டா?

மூச்சுப்பொறி மருந்தன்று. அது நுரையீரலை ஆற்றுவதில்லை, நஞ்சை முறிப்பதில்லை, தொற்றை அழிப்பதுமில்லை. தானே மூச்சிழுக்க வலுவிழந்த ஒருவர் அவ்வலுவை மீளப் பெறும் வரையில், அவர் மூச்சுக்குழலுள் இறக்கிய குழாய் வழியே வளியைச் செலுத்தி உயிரைத் தாங்கிப் பிடிப்பது ஒன்றே அதன் வேலை. அதனைச் செம்மையாகச் செய்வதும், செய்வதுபோல் செய்து நுரையீரலைச் சிதைப்பதும், அதன் பக்கத்தில் நிற்கும் மாந்தரின் அறிவைப் பொறுத்தவை. நல்ல பொறி, பயிலாத கையில் நோயினும் கொடிது.

இவ்வுண்மை திண்டுக்கல் சமவெளிக்கு வெறும் ஏட்டுச் செய்தி அன்று. வேடசந்தூரிலும் நிலக்கோட்டையிலும் ஒட்டன்சத்திரத்திலும் காய்கறியும் பூவும் விளைவித்து ஊருக்கு அனுப்பும் உழவரும் கூலியாளரும் வயற்புறத்தில் உறங்குகின்றனர். கட்டுவிரியன் இரவில் ஊர்வது. தரையில் பாய் விரித்துத் துயில்வாரைத் தீண்டுவது. கடிவாய் பெரும்பாலும் வீங்குவதில்லை, வலியும் மிகுவதில்லை. ஏதோ பூச்சி கடித்ததென்று புரண்டு படுத்தவர்க்கு விடியலில் வயிறு வலிக்கும். பின்னர் இமைகள் தாமே சரியும், எச்சில் விழுங்க இயலாது, குரல் குழறும், முடிவில் மூச்சிழுக்கும் தசைகளும் ஓயும். 2000 முதல் 2019 வரை இந்திய நாட்டில் ஏறத்தாழ 12 இலக்கம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வொன்று கணித்தது. ஆண்டுக்கு 58,000 பேர்! அவருள் மிகப் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள்.

நஞ்சுமுறி மருந்து, அரத்தத்தில் திரியும் நஞ்சைக் கட்டும். ஆனால் கட்டுவிரியன் நஞ்சு நரம்பு நுனிகளில் முன்னரே செய்துவிட்ட கேட்டை அம்மருந்து மீட்பதில்லை. அந்நுனிகள் மீளத் தளிர்க்க நாள் பல ஆகும். அதுவரை உயிரைப் பிடித்து நிறுத்துவது மூச்சுப்பொறி ஒன்றே. அந்நோயரின் நுரையீரலிலும் குறையில்லை, மூளையிலும் குறையில்லை. தசை ஒன்றே தூங்கிக் கிடக்கிறது. சில நாள் செம்மையாக மூச்சூட்டினால் அவர் எழுந்து நடந்து வீடு திரும்புவார். அவ்வாறு திரும்பத்தக்க ஒருவர் திரும்பாது போவாரெனில், அச்சாவுக்குப் பாம்பின்மேல் மட்டும் பழி சுமத்துவது முறையாகுமா?

இன்னொன்றையும் எண்ணுக. நஞ்சேறிய நோயரின் இமை திறவாது, கை அசையாது, கண்பாவை விரிந்து, ஒளி பட்டாலும் சுருங்காது நிற்பதும் உண்டு. பயிலாத கண்ணுக்கு மூளை செத்தது போலவே அது தோன்றும். ஆனால் உள்ளே அவர் விழித்திருக்கலாம்; படுக்கையருகே பேசுவன அனைத்தையும் கேட்டுக் கொண்டிருக்கலாம். 'இனி நம்பிக்கையில்லை' என்று பக்கத்தில் நின்று பேசுவதும், 'அஞ்ச வேண்டா, பொறி மூச்சு விடுகிறது, இரண்டொரு நாளில் கை அசையும்' என்று காதருகே குனிந்து சொல்வதும் ஒன்றாகுமா? பின்னதைச் சொல்லத் தெரிவதும் பயிற்சியே. அந்தக் காது அறிந்த மொழி தமிழ்.

மனமுடைந்து பூச்சிக்கொல்லியை உட்கொண்டோர் நிலையும் இத்தகையதே. முதல்நாள் தேறியவர்போல் தோன்றும் ஒருவர்க்கு, அடுத்த இரண்டு மூன்று நாளுக்குள் மூச்சுத்தசை தளர்வதுண்டு. அதற்கு முன்னறிகுறி, கழுத்துத் தசையின் தளர்ச்சி. 'தலையைத் தலையணையிலிருந்து தூக்குங்கள்' என்று மணிக்கொரு முறை சொல்லிப் பார்க்கும் செவிலி, எந்தப் பெரிய கருவிக்கும் முன்னதாக அவ்விடரைக் கண்டுகொள்வாள். தெரியாதவள் மூச்சு நின்ற பின்னரே ஓடிவருவாள். ஓர் உயிருக்கும் ஒரு பிணத்துக்கும் இடையே நிற்பது இவ்வளவு எளிய அறிவுதான்.

2022 சனவரி 12ஆம் நாள் தமிழகத்தில் ஒருங்கே திறக்கப்பெற்ற 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திண்டுக்கல் கல்லூரியும் ஒன்று. பெருநோய் என்றால் 40 கல் தொலைவிலுள்ள மதுரையை நோக்கியே ஊர்தி விரையும் நிலை மாற, இஃது ஒரு நற்றொடக்கம். நெடுஞ்சாலைகள் கூடும் ஊர் அது. தலையடிபட்டு வருவோர்க்கும் குறைவில்லை. ஆகவே, தீவிர சிகிச்சைப் பிரிவு என்று வடசொல்லால் வழங்கும் கடும்பண்டுவப் பிரிவு அங்குப் பெயரளவில் இருந்தால் போதாது. அறிவால் நிறைந்திருத்தல் வேண்டும். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கென வந்த 7.5 விழுக்காட்டு உள்ளொதுக்கீட்டால், தமிழ்வழி பயின்ற கூலியாளர் பிள்ளைகளும் இன்று மருத்துவம் கற்கின்றனர். அவர்கள் வந்து அமரும் வகுப்பின் மொழி எது? ஆங்கிலம்! செவிலியர் பட்டக்கல்வியின் மொழி எது? அதுவும் ஆங்கிலம்! பொறியொடு வரும் கையேட்டின் மொழி? கேட்கவே வேண்டா!

மூச்சூட்டும் கலை, தமிழில் சொல்லவியலாத மறைபொருளா? அதையுந்தான் ஆய்ந்து பார்ப்போர் பார்க்கட்டும்.

பொறி கேட்பவை அடிப்படையில் நான்கு. ஒரு மூச்சுக்கு எவ்வளவு வளி? அது மூச்சளவு. மணித்துளிக்கு எத்தனை மூச்சு? அது மூச்செண். அவ்வளியில் உயிர்வளி எத்தனைப் பங்கு? அது வளிப்பங்கு. மூச்சு வெளியேறி முடிந்த பின்னும் நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக் கொள்ளாதபடி எவ்வளவு அழுத்தம் நிற்க வேண்டும்? அது கடையழுத்தம். இந்நான்கையும் பள்ளியிறுதி முடித்த எவர்க்கும் ஒரு முற்பகலில் விளக்கிவிடலாம்.

இவற்றுள் முதலாவதான மூச்சளவு ஒன்றை மட்டும் எடுத்துக் கொள்க. நுரையீரல், உடல் பருத்தால் பருப்பதன்று; உயரத்திற்கேற்ப அமைவது. ஆகவே உயரத்தைக் கொண்டே அதனைக் கணித்தல் வேண்டும். 150 செண்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணுக்குக் கணிப்பெடை ஏறத்தாழ 43 கிலோ. நுரையீரல் கடுமையாய்ப் புண்பட்டவர்க்குக் கிலோவுக்கு 6 மில்லிலிட்டர் என்பது நெறி. அவ்வாறாயின் அவளுக்கு உரியது ஏறத்தாழ 260 மில்லிலிட்டர். 'எல்லார்க்கும் 500' என்னும் பழக்கத்தால் எவரேனும் பொறியைத் திருகி வைத்தால், அவளுக்குக் கிலோவுக்கு 11 மில்லிலிட்டருக்கு மேல் போகும். உரிய அளவைப் போல் ஏறத்தாழ இருமடங்கு! புண்பட்ட நுரையீரல் அவ்விரிவைத் தாங்காது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வொன்று 861 நோயரை இருபாலாக்கிப் பார்த்தது. கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் பெற்றோருள் 39.8 விழுக்காட்டினர் இறந்தனர். 6 மில்லிலிட்டர் பெற்றோருள் 31 விழுக்காட்டினரே இறந்தனர். புதிய மருந்தில்லை, புதிய பொறியில்லை, ஓர் எண்ணைக் குறைத்து வைத்ததனால் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைத்தனர். இதற்கு வேண்டுவது ஓர் அளவுநாடாவும், அதனை எடுத்து நோயரின் உயரத்தை அளக்க வேண்டும் என்னும் தெளிவுமே.

இரவு மூன்று மணி. பொறி அலறுகிறது, நோயர் நீலம் பாய்கிறார். ஆங்கில நூல்கள் இவ்வேளைக்கு நான்கெழுத்துச் சொல் ஒன்றை உருப்போடக் கற்பிக்கின்றன. அவ்வெழுத்துகள் எவற்றின் முதலெழுத்துகள் என்பதை, அஞ்சி நடுங்கும் நேரத்தில் வேற்றுமொழியில் நினைவுகூர்தல் வேண்டும். தமிழில் அதுவே நான்கு வினா. குழாய் பெயர்ந்ததா? குழாய் அடைத்ததா? நுரையீரல் கிழிந்ததா? பொறி பழுதா? பெயர்வு, அடைப்பு, கிழிவு, பழுது! முதலில் பொறியைக் கழற்று. கைப்பையால் உயிர்வளி ஊட்டு. பின் இந்நான்கையும் வரிசையாகப் பார். இதனை ஒருமுறை கேட்ட செவிலி மறப்பாளா? மொழிபெயர்க்க வேண்டாத அறிவே இடர்வேளையில் கைகொடுக்கும்.

இங்கே மறுப்போர் எழுவர். 'பொறியின் முகப்பில் உள்ள சொற்கள் ஆங்கிலம். புதிய ஆய்வுகள் ஆங்கிலத்தில் வருகின்றன. தமிழில் பயின்றவன் உலகோடு எங்ஙனம் உறவாடுவான்?' என்பர். இவ்வினா வெறுத்து ஒதுக்கத்தக்கதன்று; விடை கூறத்தக்கதே. முகப்பில் உள்ள குறியீடுகள் மிகச் சிலவே. அவற்றை அறிந்து கொள்வது வேறு. அவை குறிக்கும் பொருளை உணர்வது வேறு. தொடர்வண்டியின் எண்ணை அறிந்தவரெல்லாம் அதனை ஓட்டுவாரா? ஆங்கிலத்தைக் கல்லாதே என்று எவரும் சொல்லவில்லை. ஆய்வைப் படிக்க ஆங்கிலம் கற்க; மேலும் ஒரு மொழி கற்பினும் நன்றே. ஆனால், உணர வேண்டியதை உணரும் மொழியில் முதலில் உணர்த்துக என்பதே வழக்கு. வேற்றுமொழியில் உருப்போட்டவன் தேர்வில் வெல்வான். நோயர் படுக்கையில் தோற்பான். அத்தோல்விக்கு விலை கொடுப்பவன் அவனல்லன்.

மூச்சூட்டு மருத்துவம் பிறந்த கதையே இதற்குச் சான்று. 1952ஆம் ஆண்டு, தென்மார்க்கு நாட்டின் தலைநகரான கோபனேகனில் இளம்பிள்ளைவாதம் கடுமையாய்ப் பரவிற்று. அன்றிருந்த பொறிகளோ ஒரு கைவிரல் எண்ணிக்கையைச் சற்றே தாண்டியவை. முதலில் பொறியில் வைத்த 31 பேருள் 27 பேர் மாண்டனர். மயக்க மருத்துவராகிய பியோர்ன் இப்சன், நோயரின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, கையால் பையை அழுத்தி மூச்சூட்டும் வழியைக் காட்டினார். பையை அழுத்தக் கைகள் வேண்டுமே! ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர் முறைவைத்து, இரவும் பகலும், கிழமை பலவாக அமர்ந்து அழுத்தினர். பத்தில் எட்டுக்கு மேல் இருந்த சாவு, பத்தில் நான்கு என்னும் அளவுக்கு இறங்கிற்று. அம்மாணவர் கற்ற மொழி அந்நாட்டு மொழி. அவர்க்கு வழிகாட்டிய மொழியும் அதுவே. சிறுநாடு அது, அதன் மக்கள்தொகை தமிழக மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. அந்நாட்டார் 'எம் மொழியில் மருத்துவம் இயலாது' என்று கைகட்டி நின்றிருந்தால், இன்று உலகில் கடும்பண்டுவப் பிரிவு என்பது எங்குத் தோன்றியிருக்கும்?

தமிழிலும் இது நடந்ததே! யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், 1847இல் அங்கு வந்தவர். முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். பின்னர் 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டார். உடற்கூறும் அறுவையும் மகப்பேறும் உட்பட 4,000 பக்கங்களுக்கு மேல் மேலை மருத்துவத்தைத் தமிழில் ஆக்குவித்தார். அவர்தம் நூல்களில் வடசொல் மிகுதி என்பது உண்மையே. அது அக்காலத்து நோய். ஆயினும் அவரிடம் தமிழில் பயின்றோர் ஊருக்குள் சென்று மருத்துவம் செய்தனர். கடல்கடந்து வந்த ஒருவர்க்கு இயன்றது, தமிழ் பேசி ஆட்சியேறிய அரசுகளுக்கு ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் இயலவில்லை எனின், குறை மொழியிலா, முதுகெலும்பிலா?

2022இல் மத்தியப்பிரதேச அரசு மருத்துவப் படிப்புக்கு இந்தி நூல்களை வெளியிட்டு விழாக் கொண்டாடியது. அவற்றுள் கலைச்சொற்கள் பெரிதும் ஆங்கிலமே. எழுத்து மட்டும் நாகரி. தமிழர் பின்பற்றத்தக்க வழி அதுவன்று. எழுத்தை மாற்றுவது ஆடையை மாற்றுவது. உள்ளிருக்கும் ஆள் மாறுவதில்லை. 'வெண்டிலேட்டர்' என்று தமிழெழுத்தில் எழுதிவிட்டு, தமிழ்வழிப் பயிற்சி என்று பெயரிடுவதும் அத்தகைய ஏமாற்றே.

திண்டுக்கல் நகரின் பூட்டுத்தொழிலைப் பார்க்க. அவ்வூர்ப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டின் உள்ளே நெம்பும் தகடும் அமையும் நுட்பம், தந்தையிடமிருந்து மகனுக்கும் பட்டறை ஆசானிடமிருந்து கையாளுக்கும் தமிழிலேயே இறங்கி வந்தது. இரும்பைத் தொட்டு, பிழைத்து, திருத்தி, மீண்டும் செய்து கற்றனர். மூச்சுப்பொறிப் பயிற்சியும் அவ்வாறே அமைதல் வேண்டும். செயற்கை நுரையீரற் பையை இணைத்து, வேண்டுமென்றே குழாயை அடைத்து, பொறி அலறுவதைக் கேட்கச் செய்து, மருத்துவரும் செவிலியரும் பொறிப்பணியாளரும் ஒரே மேசையில் நின்று பயில வேண்டும். பிழை செய்வதற்குரிய இடம் அம்மேசையே, நோயர் படுக்கையன்று.

ஆகவே அரசைக் கேட்க வேண்டியவை தெளிவானவை. மூச்சுப்பொறி விற்கும் நிறுவனம், தமிழ்க் கையேடும் தமிழ்வழிச் செயற்பயிற்சியும் அளித்த பின்னரே அதற்குப் பணம் தரப்படும் என்று வாங்கும் உடன்படிக்கையிலேயே எழுதுக. திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்ட மருத்துவக் கல்லூரி ஒவ்வொன்றிலும் பயிற்சி மேசை ஒன்று நிறுவுக. ஒருமுறை கற்றது ஓராண்டில் தேயும். ஆதலால் ஆறு திங்களுக்கு ஒருமுறை மீளப் பயிற்றுக. ஒரு பொறிக்கு ஒரு செவிலி என்னும் நெறியைக் காக்க. பயின்ற செவிலியை அடுத்த திங்களே வேறு பிரிவுக்கு மாற்றி, அறிவை வீணாக்கும் வழக்கத்தை நிறுத்துக. இவற்றுள் எதற்கும் 2,000 கோடி வேண்டா.

தமிழன்பர்க்கும் இதில் பொறுப்புண்டு. அதனையும் ஒளிவின்றிக் கூறவே வேண்டும். அறையில் அமர்ந்து ஆயிரம் சொல் ஆக்கி அச்சிட்டு அடுக்கி வைத்தல் எளிது. அச்சொல் இரவுப் பணியில் நிற்கும் செவிலியின் வாயில் வருமா என்று சென்று பார்த்தவர் எத்தனை பேர்? அவள் நாவில் ஏறாத சொல், எத்துணைத் தூயதாயினும் பிறவாத சொல்லே. ஆதலின் தனித்தமிழ் உணர்வுடைய மருத்துவரும் செவிலியரும் முன்வந்து, நூறு பக்கத்துக்கு மிகாத கையேடு ஒன்றை எழுதட்டும். புலவர் அதன் சொல்லைத் திருத்தட்டும். செவிலியர் அப்புலவரைத் திருத்தட்டும். பெயர்வு, அடைப்பு, கிழிவு, பழுது என்னும் நான்கு சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதிப் படுக்கையின் தலைமாட்டில் ஒட்டுவதற்கு எந்த அரசாணையும் வேண்டியதில்லை.

மொழியுரிமை என்பது பெயர்ப்பலகையோடும் மேடையோடும் முடிவதன்று. தமிழ் பேசும் உழவன் ஒருவன் இமை திறக்கவியலாமல் கிடக்கும்போது, அவன் மார்பு ஏறி இறங்குமாறு காக்கும் கை, தான் செய்வது இன்னதென்று தமிழில் தெளிந்திருத்தல் வேண்டும். அத்தெளிவைத் தரமறுக்கும் கல்வி, ஆங்கிலத்தில் எத்துணைப் பட்டம் தரினும், இம்மண்ணின் கல்வியாகாது. பொறிகள் வந்துவிட்டன. இனி அறிவு வரட்டும், தமிழில் வரட்டும்!